பணிய டிவிசனின் பதினேழாம் கேள்வி

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிற உத்தியோகத்தில், கதவைத் திறக்கிறவரைவிடத் தட்டுகிறவனுக்குத்தான் நெஞ்சு அதிகம் படபடக்கும். கையில் அச்சடித்த கேள்விப் பாரமும் காதில் பேனாவுமாக அலைந்த என் சக துன்பசாலிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாய் இருக்குமோ, ஆள் இருப்பாரோ, இருந்தாலும் உள்ளதைச் சொல்வாரோ, சொன்னாலும் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவதோ என்று வாசலில் நிற்கும் அந்த அரை நிமிடத்தில் நமக்கு வருகிற வியர்வைக்கு யாரும் படி கொடுத்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில், பதுளையில் வாப்பாவின் புடவைக்கடையில் நிற்கப் பிடிக்காமல் ஒரு தற்காலிகக் கணக்கெடுப்பு வேலையில் சேர்ந்தேன். தோட்டத்துச் சனங்கள் அக்கம்பக்கத்தோடு எப்படிப் பழகுகிறார்கள், ஆபத்துக்கு யாரிடம் போவார்கள், ஒருவருக்கொருவர் உதவுகிறார்களா என்றெல்லாம் கேட்டுப் புள்ளி போட வேண்டும். பாரத்தின் பெயர் ‘ஆரோக்கியமான சமுதாயத்தின் சமூக அடித்தள மதிப்பீடு’. மூச்சு வாங்காமல் அதைச் சொல்லி முடிக்கவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. உள்ளே இருபத்திரண்டு கேள்விகள்.

எனக்குக் கிடைத்தது ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். உச்சியில் தார் ரோடு, தேயிலை ஸ்டோர், தோட்டத்துச் சனத்துக்கு வைத்தியம் பார்க்கும் மருந்துக் காம்பரா. அங்கிருந்து இறங்கினால் பாதி வழியில் மேட்டு டிவிசன். அதற்கும் கீழே, பள்ளத்தில், பணிய டிவிசன். இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் ஒரு மருத்துவிச்சியும், அவர் தங்கிப் பிரசவம் பார்க்க ஒரு சிறு கட்டடமும் வரும் என்றார்கள். எதற்கு என்று முடிவு செய்யப்போவது நான் போடும் புள்ளி. இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

கூடினாலா, குறைந்தாலா?

புறப்படுவதற்கு முதல் நாள் ஒரு சந்தேகம் வந்தது. புள்ளி கூடக் கிடைத்த டிவிசனுக்கு மருத்துவிச்சியா, குறைந்த டிவிசனுக்கா? நன்றாக இருக்கிற இடத்துக்குக் கொடுப்பார்களா, நொந்துபோன இடத்துக்குக் கொடுப்பார்களா? பாரத்தின் முன்பக்கம், பின்பக்கம், அடிக்குறிப்பு எல்லாம் தேடினேன். எங்கேயும் இல்லை.

எங்கள் மேலதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைத் துடைக்காமல் யாரோடும் பேசமாட்டார். பயந்து பயந்து அவர் மேசைக்குப் போய்க் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்:

“அது தெரிஞ்சால் நீர் ஆருக்கோ சாதகமா எழுதிப்போடுவீர் தம்பி. தெரியாமலே போய் எழுதிக்கொண்டு வாரும்.”

எல்லாத்துக்கும் ஆமா

முதலில் மேட்டு டிவிசன். லயம் என்கிற அந்த வரிசை வீடுகளின் வாசல்கள் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தன. தோட்டத் தலைவர் வெள்ளைச் சட்டையோடு வந்து என்னுடன் குடும்பத்துக்கு ஒன்றாக இருந்த ஒவ்வொரு காம்பராவுக்கும் நடந்தார். அயலவரை நம்புகிறீர்களா? ஆமாங்க. கூட்டம் கூடிப் பேசுவீர்களா? ஆமாங்க. ஒருவருக்கொருவர் உதவுவீர்களா? ஆமாங்க. இருபது காம்பராவில் ஒரு பதில்கூட மாறவில்லை. என் பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் புள்ளியை அள்ளிப் போட்டேன்.

கடைசிக் காம்பராவில் ஒரு பெண் கொழுந்துக் கூடையைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னாள். ‘உங்கள் லயத்தில் சண்டை சச்சரவு அடிக்கடி நடக்குமா’ என்ற கேள்விக்கும் “ஆமாங்க” என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். தலைவர் இருமினார். அவள் அவரைப் பார்த்துக் கோபமாகவே சொன்னாள்:

“நேத்து நீங்கதானே சொன்னீங்க தலவரே, என்னா கேட்டாலும் ஆமான்னு சொல்லணும்னு?”

கப்பலா, இங்கயா?

பணிய டிவிசனுக்கு இறங்கும் பாதையில் இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். சேறு அப்பிய காற்சட்டையோடு போய் நின்றபோது என்னை வரவேற்க யாரும் வரவில்லை. பிள்ளைகள் உள்ளே ஓடின. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. அது, இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி, யார் இந்தியாவுக்கு, யார் இலங்கைக்கு என்று சனத்தைப் பிரித்துக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்த காலம். ஒரே லயத்தில் அண்ணனுக்குப் போகச் சொல்லியும் தம்பிக்கு இருக்கச் சொல்லியும் வந்திருந்தது. அப்படிப்பட்ட இடத்துக்கு ஒருவன் காகிதக் கட்டோடு வந்து “வீட்டில் எத்தனை பேர்?” என்று கேட்டால் யார்தான் கதவைத் திறப்பார்கள்? என்மேல் எனக்கே சந்தேகம் வந்தது.

கடைசியில் மாணிக்கம் என்பவர் மட்டும் வெளியே வந்தார். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிற ஆள், முப்பது வயதிருக்கும். நான் பதுளைப் புடவைக்கடைக்காரரின் மகன் என்று தெரிந்ததும் முகம் கொஞ்சம் இளகியது. தீபாவளிக்கு எங்கள் கடையில்தான் சேலை எடுப்பாராம். அந்த ஒரு சேலையின் தயவில் வாசலில் சாக்கு விரித்து உட்காரவைத்தார். நான் பாரத்தின் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் கூப்பிடுகிற ‘நானா’வைப் போட்டு அவர் கேட்டார்:

“நானா, இதுல கைநாட்டு வச்சா இங்கயா, ராமேஸ்வரமா? அத மட்டும் சொல்லுங்க.”

செல்லம்மாவின் கேள்வி

மாணிக்கத்தின் மனைவி செல்லம்மா அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்று பதில் சொன்னாள். மருந்துக் காம்பரா எவ்வளவு தூரம் என்றேன். “பக்கந்தாங்க” என்றாள். நான் அந்தப் பாதையில் விழுந்து எழும்பி வந்தவன், ஏறுவதற்கு இரண்டு மணி நேரமாவது ஆகும். லயத்தில் குறை ஏதும் உண்டா என்றேன். “ஒண்ணுமில்லீங்க.” தண்ணீர்? “பீலியில வருதுங்க.” பீலியில் நூல் மாதிரி தண்ணீர் ஒழுகுவதை நான் இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன். குறை சொன்னால் அது தோட்டத்தை நடத்துகிற தொரை காதுக்குப் போகும் என்று அவளுக்குப் பயம். அவள் பயப்படுகிறாள் என்று எனக்குப் பயம்.

இதற்கு முன் பிறந்த பிள்ளைகள்? அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது, ஆனால் பாரத்தில் இருந்தது. இரண்டு, இரண்டுமே தங்கவில்லை என்று மாணிக்கம்தான் சொன்னார். செல்லம்மா சேலை முந்தியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் நான் மருத்துவிச்சி விஷயத்தைச் சொன்னேன். சொல்லக்கூடாது என்று உத்தரவு, வாய் நிற்கவில்லை. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே, நான் மேலதிகாரியிடம் கேட்ட அதே கேள்வியை என்னிடமே கேட்டாள்:

“நல்லா இருக்கோம்னு சொன்னா தருவாங்களா நானா, நல்லா இல்லன்னு சொன்னா தருவாங்களா? நீங்க எதச் சொல்லச் சொல்றீங்களோ, அதையே நான் சொல்லிடுறேன்.”

இல்லை, இல்லை, இல்லை

மறுமுறை போனபோது கதவுகள் திறந்தன. மாணிக்கம் என்னைப் பற்றிச் சொல்லிவைத்திருந்தார். ஆனால் பதினேழாம் கேள்வியில் வண்டி நின்றுவிட்டது. ‘கடந்த ஒரு வருடத்தில் ஆபத்துவேளையில் அயலவர்கள் ஒன்றுசேர்ந்து உதவியதுண்டா?’ முதல் காம்பராவில் “இல்லீங்க.” இரண்டாவதில் “இல்லீங்க.” கேட்டுக்கொண்டே போனேன். எல்லாரும் கேள்வி முடியுமுன்னே இல்லை என்றார்கள், சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். அதிகப் புள்ளி இந்தக் கேள்விக்குத்தான். மேட்டு டிவிசன் இதில் முழுப் புள்ளி வாங்கியிருந்தது.

எனக்குக் கவலையோடு கொஞ்சம் வருத்தமும் வந்தது. இவ்வளவு கஷ்டப்படுகிற சனம் ஒருவருக்கொருவர் ஒரு கை கொடுக்காதா? அந்த டிவிசனின் ஆட்களை வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை பெரியசாமி அன்று என்னோடு நடந்துவந்தார். ஒல்லியான மனுஷன், மழையோ வெயிலோ குடையை விரிக்காமல் கக்கத்தில் வைத்திருப்பார். ஒரு காம்பராவில் நான் கேள்வியை வேறு மாதிரி மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். அவர் குடையை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றினார். முகம் சுருங்கியது.

“இல்லன்னு சொன்னா இல்லன்னு எழுதுங்க தம்பி. கிண்டாதீங்க.”

கொய்யா மரத்தில் ஈரச்சேலை

கடைசி நாள் காலை, பத்து மணி இருக்கும். இரண்டு காம்பராதான் பாக்கி. செல்லம்மாவின் காம்பராவிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. நாள் இன்னும் இருந்தது, ஆனால் வலி வந்துவிட்டது. பக்கத்துக் காம்பராப் பெண் பீலியில் ஒரு சிவப்புச் சேலையை நனைத்து வந்து லயத்துக்கு முன்னாலிருந்த கொய்யா மரத்தில் போட்டாள். இந்த நேரத்தில் துணி காயப்போடுகிறாளே என்று எனக்கு ஆத்திரம். பத்து நிமிடம் ஆகவில்லை, எதிர்மலையிலிருந்து எட்டு ஆண்கள் ஓடிவந்தார்கள். மூங்கில் கழி கூரைக்கடியில் தயாராக இருந்தது. கம்பளியைத் தூளியாகக் கட்டி, செல்லம்மாவைப் படுக்கவைத்து, நாலு பேர் தோளில் ஏற்றினார்கள். நாலு பேர் மாற்றுக்கு. யார், எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை. காம்பராவுக்கு ஒரு ஆள், வரிசையாக முறை. புருஷன் தோள் கொடுக்கக்கூடாது, கை நடுங்கும் என்பார்கள். மாணிக்கம் கம்பளி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். நானும் நடந்தேன். நடக்க நடக்கத்தான் அவர் சொன்னார்: முன்பு இரண்டு தடவையும் சட்டப்படி தோட்டத்து ஆபீசான கந்தோருக்குத் துண்டு அனுப்பி, லொறி வரும்வரை காத்திருந்தார்கள். கொழுந்து ஏற்றி முடித்த பிறகுதான் லொறி வந்தது. இரண்டு பிள்ளைகளும் அப்படித்தான் போயின. அதற்குப் பிறகு பணிய டிவிசன் துண்டு அனுப்புவதில்லை. ஆனால் உத்தரவில்லாமல் மலையை விட்டு வந்தால் வேலையை நிறுத்திவிடுவார்கள். அதனால் கணக்கப்பிள்ளை கண்ணை மூடிக்கொள்வார். கேட்டால், எட்டுப் பேரும் ஆற்றோர மலையில் கான் வெட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுவார்.

மேட்டு டிவிசனுக்குக் கீழே, கொழுந்து லொறி ஓடும் ரோட்டில் ஏறிய வளைவில் ஜீப் சத்தம் கேட்டது. தொரை. எட்டுப் பேரும் மாணிக்கமும் தூளியோடு தேயிலைக்குள் இறங்கிக் குனிந்தார்கள். நல்லவேளை, அது கவ்வாத்து வெட்டாத மலை, செடி நெஞ்சளவு நின்றது. ரோட்டில் நானும் எங்கள் பின்னால் வந்த கணக்கப்பிள்ளையும் மட்டும். ஆட்கள் எங்கே என்று தொரை கேட்டார். ஆற்றோர மலையில் கான் வெட்டுகிறார்கள் என்றார் கணக்கப்பிள்ளை, குடையை இறுக்கிக்கொண்டு. தொரை என் பக்கம் திரும்பி, நீ பார்த்தாயா என்றார். பார்த்தேன் சேர், எட்டுப் பேர், என்றேன். எட்டு என்று ஏன் சொன்னேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். செடிக்குள் பத்தடி தூரத்தில் ஒரு பெண் வலியில் கிடக்கிறாள், ஒரு முனகல் கேட்டால் எல்லாம் முடிந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. ஜீப் போன பிறகு பார்த்தேன். செல்லம்மா கம்பளியைக் கடித்துக்கொண்டிருந்தாள், உதட்டில் ரத்தம்.

மருந்துக் காம்பராவுக்குப் போய் அரை மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. சிறியது, ஆனால் நன்றாக அழுதது. அந்த அழுகையைக் கேட்டு நானும் வெட்கமில்லாமல் அழுதேன். எட்டுப் பேரும் அதற்குள் மலைக்குத் திரும்பிவிட்டார்கள். மாணிக்கம் என் கையிலிருந்த பையைப் பார்த்தார், அதில் பாரங்கள் இருந்தன.

“பாத்துட்டீங்க. சரி. ஆனா எழுதிறாதீங்க நானா.”

அத்திவாரம்

நண்பர்களே, திங்கட்கிழமை எங்கள் கந்தோரில் பதினேழாம் கேள்விக்கு முன்னால் நான் இருந்த இருப்பை எந்த எதிரிக்கும் நினைக்கமாட்டேன். மேட்டு டிவிசன் சண்டைக் கேள்வியில் புள்ளி இழந்திருந்தது, ‘உண்டு’ என்று எழுதினால் பணிய டிவிசன் அதைத் தாண்டிவிடும். ஆனால் ‘உண்டு’ என்று எழுதினால் கீழே நாலு கோடு இருந்தது: யார், எப்போது, எத்தனை பேர், யாருடைய தலைமையில். பாரத்தின் பிரதி ஒன்று தோட்டத்துக் கந்தோருக்கும் போகும். எழுதினால் கணக்கப்பிள்ளை வேலை போய் வீட்டுக்குப் போவார், கொய்யா மரத்தில் அப்புறம் சேலை தொங்காது. மருத்துவிச்சி வருவதும் நிச்சயமில்லை, கூடினாலா குறைந்தாலா என்பதுதான் எனக்குத் தெரியாதே. கடைசியில் ‘இல்லை’ என்று எழுதினேன். இருந்த லயங்கள் எல்லாவற்றுக்கும் அதையே எழுதினேன்.

மேலதிகாரி கூட்டிப் பார்த்தார். மருத்துவிச்சி மேட்டு டிவிசனுக்கு என்றார். கூடின டிவிசனுக்குத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் பணிய டிவிசன் பாரத்தை விரலால் தட்டி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, உண்மையான இரக்கத்தோடு சொன்னார்:

“ஆபத்துக்கு ஒருத்தருக்கொருத்தர் உதவி எண்டதே இல்லையோ? பாவம் தம்பி, அத்திவாரமே இல்லாத சனம்.”

பாதி தூரம்

விஷயத்தை நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று இருந்தது, ஆனால் கால் வரவில்லை. ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்கு. ஆறு மாதம் கழித்து, மேட்டு டிவிசனில் கட்டடம் எழும்பி மருத்துவிச்சியும் வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹல்துமுல்லையில் பஸ் இறங்கி நடந்தேன். வாப்பாவின் கடையிலிருந்து குழந்தைக்கு ஒரு சட்டை எடுத்துப் போனேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

நான் எழுதியதையும் எழுதாததையும் ஒன்று விடாமல் சொன்னேன். மாணிக்கம் எழுந்துபோய்க் கூரைக்கடியிலிருந்த மூங்கிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்கு அது வலித்தது என்று தெரிந்தது. செல்லம்மா குழந்தைக்குச் சட்டையைப் போட்டு, பொத்தானை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டிருக்க வேண்டும். சமாதானமாகத்தான் சொன்னாள்:

“மேட்டு டிவிசன் வரைக்கும்னா பாதி தூரந்தானே நானா. இனி எட்டுப் பேரு வேணாம், நாலு பேரு போதும்.”

கணக்கப்பிள்ளையின் கடிதம்

திரும்பும் வழியில் கணக்கப்பிள்ளை பெரியசாமி குடையோடு காத்திருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது: மருத்துவிச்சி போனாலும் இந்த மனுஷனைக் காப்பாற்றிவிட்டோமே. அவரும் நன்றி சொல்லத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன். அவர் மடியிலிருந்து ஒரு நீளக் காகிதத்தை எடுத்து நீட்டினார். குடும்பத்தோடு இந்தியா போகச் சொல்லி வந்திருந்தது. அடுத்த மாதம் ரயில், அப்புறம் கப்பல். இங்கே பிறந்து இங்கே நரைத்தவர், ராமேஸ்வரம் எந்தத் திசை என்றுகூட அவருக்குத் தெரியாது.

அவர் அழவில்லை. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவுமில்லை. பள்ளத்தில் லயத்துக்கு முன்னால் நின்ற கொய்யா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று பணிய டிவிசனில் இன்னும் மூன்று பேர் மாசமாக இருந்தார்கள். காகிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு, வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார்:

“எனக்குப் பதிலா வர்ற கணக்கப்பிள்ள கண்ண மூடிக்கிற ஆளா இருக்கணும்னு, உங்க பாரத்துல எங்கயாச்சும் எழுத எடம் இருக்குங்களா தம்பி?”

இருபத்திரண்டு கேள்விகளில் இருபத்தொன்றுக்கு நான் என்ன எழுதினேன் என்பது எனக்கு நினைவில்லை, ஆனால் பதினேழாவதற்கு எழுதிய அந்த ‘இல்லை’ மட்டும் இன்றைக்கும் யாராவது என் வீட்டுக் கதவைத் தட்டினால் எனக்கு முன்னால் எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறது.